ஒழுகாத குடம்

"முப்பத்தேழாம் பக்கம்ப்பா. சிரிப்பு மூலை. எழுதியது சக்திவேல், ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு." கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் நிதானமாக வாசித்தான்.

இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு, அன்று காலையில்தான் அவன் மேற்கு மாம்பலம் வீட்டுப் படி ஏறியிருந்தான். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவன் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர், 1998–99. மயிலாப்பூரில் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டதாம். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டு நினைப்பே வந்ததாம். பக்கமெல்லாம் டீத்தண்ணி நிறத்துக்குப் பழுத்திருந்தது.

புரை முற்றிய கண்களைச் சுயம்புலிங்கம் குரல் வந்த பக்கமாகத் திருப்பினார். டாக்டர் கைவிட்ட உடம்பு. நாலு நாளாகக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டேன் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"படில," என்றார்.

"வாடிக்கையாளர்: இந்தக் குடம் ஒழுகாதே? எங்க அப்பா: தண்ணி ஊத்துற வரைக்கும் ஒழுகாதும்மா."

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

இந்த ரெண்டு வரிக்காகத்தான் அன்றைக்கு அந்த அடி. தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மனுஷனின் மானத்தை, பெற்ற பிள்ளையே அச்சடித்துப் பள்ளிக்கூடம் முழுக்கக் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். அதற்காகப் பெல்ட்டைக் கழற்றியிருக்க வேண்டாம். அன்று சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலேறிய பையன் திரும்பவே இல்லை.

வீட்டில் இருந்த ஆண்டு மலர் 2015 வெள்ளத்தில் கூழாகிப் போனது. அதுவரை அவன் அம்மா இசக்கியம்மாள் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்காத நாள் கிடையாது.

"ஏல, அன்னைக்கு அடிச்சிட்டேம்ல. மனசுல வச்சுக்கிடாதல," என்றார் சுயம்புலிங்கம்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்ப்பா."

"பக்கத்தோட அடியில என்னமோ இருக்குமே. அதையும் படி."

"அதுவா? தெரிந்துகொள்வோம் தமிழ்நாடு. மாநில விலங்கு வரையாடு. மாநிலப் பறவை மரகதப்புறா. மாநில மரம் பனை. மாவட்டங்கள் முப்பத்தெட்டு."

கதவோரம் நின்ற கீர்த்திக்கு இது எதிலும் மனசு ஒட்டவில்லை. அண்ணன் ஓடிப்போனபோது அவளுக்கு ஆறு வயது. முகம்கூட நினைவில் இல்லை. பாலவாக்கத்தில் புருஷனையும் குழந்தையையும் விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து ஒரு மாதம் ஆகிறது. குரூப் ஃபோர் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகமும் அவளோடு இங்கேதான் கிடந்தது.

காலையிலிருந்தே அவளுக்கு ஒரு உறுத்தல். இத்தனை வருஷம் கழித்து மகன் வந்து வாசலில் நிற்கிறான். அம்மா அழவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவுமில்லை. "வாய்யா, கைகால் கழுவிட்டு அப்பாவப் பாரு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுது அழுது கண் வற்றிப்போயிருக்கும் என்றுதான் கீர்த்தி நினைத்தாள்.

இப்போது வேறொன்று மண்டையைக் குடைந்தது. முப்பத்தெட்டு. அவள் நேராக அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, இவன் அண்ணன் இல்ல."

இசக்கியம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "மெதுவாப் பேசுட்டி."

"அந்த புக்கே டுபாக்கூரும்மா. மாவட்டம் முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. தொண்ணூத்தொம்பதுல முப்பதுகூடக் கிடையாது. முப்பத்தெட்டு ஆகி அஞ்சு வருஷந்தான் ஆச்சு."

"சரி."

"என்ன சரி? எவனோ நம்ம கதையத் தெரிஞ்சுக்கிட்டு, புதுசா அச்சடிச்சு எடுத்துட்டு வந்திருக்கான். கடை மேல கண்ணு வச்சு வந்திருக்கான்மா. உனக்குப் புரியுதா இல்லையா?"

அம்மா டம்ளரில் கஞ்சியை ஊற்றினாள்.

"அப்பா, யாருன்னே தெரியாத ஒருத்தன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்காரு. இதைவிடக் கொடுமை உண்டா? நான் இப்பவே போலீசுக்குப் போன் பண்றேன்." கீர்த்தி போனைக் கையில் எடுத்தாள். பாவி மனுஷன், சாகிற நேரத்தில் கூடவா ஏமாற வேண்டும்?

உள்ளேயிருந்து சுயம்புலிங்கத்தின் குரல் வந்தது. நாலு நாளாக இல்லாத தெம்பு அதில் இருந்தது.

"ஏ இசக்கி, கஞ்சி கொண்டா. பசிக்கு. எம்மவன் ஊட்டி விடுதேங்கான்."

"இந்தா வந்துட்டேன்," என்றாள் இசக்கியம்மாள். மகளின் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி, ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த குரூப் ஃபோர் புத்தகத்தின் மேல் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள்.

"அந்தக் குடத்துச் சிரிப்பு எனக்கு மனப்பாடம்ட்டி. அதுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னுதான் ஞாபகமில்ல, உன் புஸ்தகத்தப் பாத்து எழுதி அச்சடிக்கக் குடுத்தேன்."