பேய்க்காட்டின் நிறம்

மணி நாலுதான். மலைமேல் இருக்கும் அருவங்காடு குவார்ட்டர்ஸின் ஜன்னலை மூடுபனி அப்பியிருக்கிறது. சுகந்தியின் கம்ப்யூட்டர் திரையிலும் அதே வெள்ளை. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரில் வரும் பேய்க்காட்டுக்கு அவள் வண்ணம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதே திரையைச் சென்னையிலிருந்து இணையத்தில் பார்த்தபடி தயாரிப்பாளர் ஹரிதாஸ் போனில் பொரிந்து தள்ளுகிறார். "பேய்க்காடு இருட்டா இருக்க வேண்டாமா? பால்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கேம்மா! இன்னிக்கே மாத்தலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்." "மாத்த மாட்டேனுங்க," என்கிறாள் சுகந்தி, குரலை உயர்த்தாமல். "எங்கூர்க் கொழந்தைங்க இருட்டுல ஓடி வெளையாடும். இந்த வெள்ளையிலதானுங்க பயப்படும்." அவள் பார்வை ஜன்னலுக்குப் போகிறது. வெளியே, ஜன்னலை ஒட்டிய படிக்கட்டில் ஒரு சிறுமி நிற்கிறாள். மேலேயும் கீழேயும் வழி தெரியவில்லை. ஸ்கூல் பையின் வாரை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்கிறது. அப்போது வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு தெரிகிறது, வளர்கிறது, அம்மாவின் குடையாகிறது. சிறுமி அதை நோக்கி ஓடுகிறாள். சுகந்தி திரைக்குத் திரும்புகிறாள். கார்ட்டூன் நாயகிக்குத் துணையாக வரும் கரடியின் வெளிர்மஞ்சளை அழித்துவிட்டு, வெள்ளைக் காட்டின் ஓரத்தில் மைக்கறுப்பைத் தொட்டு வைக்கிறாள். முதலில் ஒரு புள்ளி. பிறகு இரண்டு காது. பிறகு முழுக் கரடி. "அப்பாடா," என்கிறார் ஹரிதாஸ், "துணைக்குக் கரடி வந்துருச்சு."