தூக்கிப் பிடித்த துணி

பித்தப்பைக் கல்லுக்கு, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் மனைவி கோமளா, கூப்பிடும்வரை சும்மா இருக்கமாட்டாமல், என் சட்டையில் வயிற்றருகே தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்தாள். சட்டையைக் கழற்றவிடவில்லை. துணியை இரண்டு விரலால் உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியைச் செலுத்தினாள்.

"குத்திடாதடி."

"உங்க தொப்பைக்கு எவ்வளவு குத்தினாலும் உள்ள போகாது. ஆடாம நில்லுங்க."

மாலையில் டாக்டர் என் முன்னால் நின்று, தன் சட்டையைத் தொப்புளருகே அதேபோலத் தூக்கிப் பிடித்தார்.

"இப்படி வயித்தத் தூக்கித்தான் சார் முதல் ஊசியப் போடுவோம், உள்ள காத்து நிரப்ப. அப்ப உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. அவங்க ரொம்ப ஒல்லி. பின்னாடி இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல பட்டுடுச்சு. காப்பாத்த முடியல."

"வேற வழி இல்லையா?"

"சின்னதாக் கீறி, பாத்துக்கிட்டே உள்ள போறது ஒண்ணு இருக்கு. அதுலயும் ஆபத்து உண்டு. எது மேலுன்னு நாங்களே இன்னும் வாதாடிட்டுத்தான் இருக்கோம். என் கைக்குப் பழகினது இது."

அவர் விரல்கள் சட்டையை விடவே இல்லை.

"விடுங்க டாக்டர், துணி கசங்குது" என்றேன்.

அன்று நான் போட்டிருந்த சட்டையின் காலர் இப்போது நைந்துவிட்டது. அவள் தைத்த பொத்தான் ஆடாமல் இருக்கிறது.