இருபத்து மூன்று பிழைகள்

“பூக்கடைன்னு எழுதத் தெரியாம ‘பூகடை’ன்னு எழுதினவனுக்கு என் பொண்ணா? இன்னைக்கு ஒற்றை விட்டவன் நாளைக்கு உன்னையும் நடுத்தெருவுல விட்டுட்டுப் போவான்!”

அப்பா குதித்தார். அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். ஒருமுறை டாக்டரிடம் பல் பிடுங்க வாயைத் திறந்தவர், எதிர்ச் சுவர் அறிவிப்பில் பிழையைப் பார்த்து எழுந்து போய், அதைத் திருத்திவிட்டு வந்துதான் மறுபடி வாயைத் திறந்தார். கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாங்கினார் என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவரிடம் போயா, கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவனைக் காதலிப்பதாகச் சொல்வாள் பெற்ற மகள்?

“அவர் இப்போ தினமும் இலக்கணம் படிக்கிறார்ப்பா. நீங்க சரின்னு சொல்லாம நாங்க பண்ணிக்க மாட்டோம்.”

“அப்போ இந்த ஜென்மத்துல நடக்காது!”

மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

அம்மா ஒரு தாளோடு வந்தாள். “கல்யாண அழைப்பிதழ் வேற எழுதிக் குடுத்திருக்கான், அதிகப்பிரசங்கி. கிழிச்சுப் போட்டுடறேன்.”

“குடு இப்படி! லட்சணத்தைப் பார்ப்போம்.”

முதல் வரியிலேயே அலறினார். “அடப்பாவி! மணமகளை ‘மனமகள்’ங்கறான்! ‘பெறுமையுடன்’ அழைக்கிறானாம்! ஐயோ, என் பேர்லயே கால் வாங்கிட்டானே!”

சிவப்புப் பேனா பறந்தது. சுழித்தார், வெட்டினார், சேர்த்தார். காபி ஆறிப்போனது. மொத்தம் இருபத்து மூன்று பிழைகள். கடைசியில், கை பழகிய பழக்கத்தில் அடியில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

“கொண்டுபோய் அவன் மூஞ்சியில வீசு! இதான் என் பதில்!”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் அச்சக முதலாளி போன் செய்தார்.

“என்னண்ணே, பொண்ணு கல்யாணத்தைச் சொல்லவே இல்லை? அண்ணி அழைப்பிதழைக் கொண்டு வந்தாங்க. கீழே உங்க கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே மெஷின்ல ஏத்திட்டேன். ஐந்நூறும் ரெடி!”

அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “கையெழுத்து என்னோடதுதான்… சரி, அனுப்பு” என்றார் ஈனஸ்வரத்தில்.

சமையலறையில் மகள், திரும்பி வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “இருந்தாலும் அவர் இத்தனை பிழை விட்டிருக்க வேண்டாம்மா. மானமே போச்சு!”

“பாவம்டி, அவன் ஒரு பிழைகூட இல்லாமத்தான் எழுதிக் குடுத்தான். அப்படியே நீட்டியிருந்தா உங்கப்பா பேனாவையே தொட்டிருக்க மாட்டார். இருபத்து மூணும் நான் போட்டது!”