வாளித் தண்ணீர்

நெகிழித் தாள் கூரைக்குள் முற்பகல் வெளிச்சம் பால் கலந்தாற்போல் நிற்கிறது. தேங்காய் நார்த்தூள் அடைத்த பைகளில் நூறு குடைமிளகாய்ச் செடிகள். அவற்றை நம்பித்தான் அக்கா, தங்கை இருவர் வீட்டிலும் அடுப்பெரிகிறது. இலை நுனியெல்லாம் தீய்ந்து கிடக்கிறது. செழிக்கட்டுமென்று உரநீரை இரட்டிப்பாக ஊற்றியவள் அக்காதான். நாரில் ஏறிய உர உப்பைக் கழுவ, இப்போது வெறும் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுகிறாள். பைக்கடியில் தேநீர் நிறத்தில் வடிவதைத் தங்கை கிண்ணத்தில் ஏந்தி, உப்பு அளக்கும் கருவியை முக்குகிறாள். எண் இரண்டுக்கு இறங்கினால் செடி பிழைக்கும்.

"எவ்வளவுடி?"

"அதே நாலு. உன் பாசத்தைப் புள்ளைங்களே தாங்கல, செடி தாங்குமா?"

"வாயாடாம பாருடி. இன்னும் ரெண்டு வாளி ஊத்தினா இறங்கிடும்."

ஊற்றுகிறாள். சொட்டுச் சத்தம் வரிசையெங்கும் கேட்கிறது. மீண்டும் நாலு. தங்கை கருவியைத் துடைத்து, அக்கா கையிலிருக்கும் வாளிக்குள்ளேயே விடுகிறாள். எண் தடுமாறி, நாலில் நிற்கிறது. கிணறே உப்பாகிவிட்டது. அக்கா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். பிறகு அதே வாளியை அடுத்த செடிக்குச் சாய்க்கிறாள்.

"என்னக்கா பண்ற?"

"வெயில் ஏறுதுடி. குடிக்க எதையாவது குடுக்கணுமே."