ரேடியோ கேட்ட கோழிகள்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் பண்ணை வாங்கி நாலு மாதமாகியும் அவருடைய ஆறு கோழிகளில் ஒன்றுகூட முட்டையிடவில்லை. கூண்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தார். கூண்டருகே ரேடியோவில் பாட்டு வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டார். கோழிகள் தின்றன, தூங்கின.

"நமக்கு இது சரிப்படாது. வித்துட்டு டவுனுக்கே போயிடலாம்" என்று ஒருநாள் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கூண்டிலிருந்து இரண்டு முட்டைகளோடு ஓடிவந்தார். "இங்க பாரேன், போட்டுடுச்சு!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அதன்பின் தினமும் இரண்டு முட்டை கிடைத்தது. ஒரு வாரம் கழித்து, "இன்னைக்கு அஞ்சு!" என்று கூடையை நீட்டினார்.

"அஞ்சா? நான் ரெண்டுதானே வச்சேன்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடையில வாங்கியா வச்ச?"

"நீங்க சாப்பிடாம படுத்தீங்க. மனசு கேக்கலைங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "முட்டையப் பாத்தா நீ அப்படிச் சிரிக்கிற. கூட இருந்தா இன்னும் சிரிப்பியேன்னு, இன்னைக்கு நானும் ரெண்டு வாங்கி வச்சேன்."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. கூடையில் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டாள். நாலு முட்டைகள் சில்லென்று இருந்தன. சின்னதாக இருந்த ஐந்தாவதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

இன்னும் சூடு ஆறவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரேடியோவ மட்டும் நிறுத்திடாத."