குறைந்தது பத்து எழுத்து

"எங்கூட்டுக்காரரு பாஸ்வேர்ட எடுத்துக் குடு நைனா. இல்லாங்காட்டி இங்கியே உயிர வுட்டுருவேன்" என்று கதவை மறித்து நின்றாள் அவள்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர் அறையில் திலீப் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். கேட் கிளார்க் வெற்றியின் பெண்சாதி என்று சொல்லித்தான் செக்யூரிட்டி அவளை உள்ளே விட்டிருந்தார். வெற்றி டிரெய்லர் சக்கரத்தில் சிக்கிச் செத்து, காரியம்கூட முடிந்துவிட்டது.

"பி.எஃப். வேணும்னா மேல ஆபீஸ்ல கேளுக்கா. இதுல ஒண்ணும் கிடையாது."

"துட்டு யாருக்கு வோணும்? உம் பேரத்தான் பாஸ்வேர்டா வெச்சிகீறேன், தெனம் அத்த அடிச்சாத்தான் எனக்கு வேலையே ஓடும்னு சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப அவருக்கு இன்னொருத்தி தொடுப்பு இருந்துச்சுன்னு தெருவுல பேசறாங்க. நெசமா பொய்யான்னு தெரியாம சோறு எறங்கல நைனா."

"இருந்தா குடுத்துருவேன்கா. முன்ன அப்படியே எழுதி வெச்சிருந்துச்சு. போன மாசம் நான்தான் அந்த மொறைய மாத்துனேன். இப்ப சிஸ்டம் அத்த அரைச்சுத் தூளாக்கித்தான் வெச்சுக்கும். ஹேஷ்னு பேரு. கருவாட்டுத் தூள்லேர்ந்து முழு மீனை எடுக்க முடியுமா, சொல்லு?"

"அப்ப தெரிஞ்சிக்கவே முடியாதா?"

"நீ ஒரு வார்த்தை சொன்னா அடிச்சுப் பாக்கலாம். சரியா இருந்தா தொறக்கும், இல்லாட்டி தொறக்காது. அவ்ளோதான். இங்கிலீசுல பத்து எழுத்துக்குக் கொறையக் கூடாது."

"சின்னப் பேரா இருந்தா?"

"வாங்காது. அவரையும் சேத்து எல்லாரையும் மாத்த வெச்சுட்டேன்."

அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். வெளியே கிரேன் ஒரு பெட்டியை இறக்கி, இன்னொன்றைத் தூக்கியது.

"மோகனப்ரியா" என்றாள் கடைசியில். "போட்டுப் பாரு."

திலீப் அடித்தான். தவறு என்று சிவப்பில் வந்தது. முதல் எழுத்தைப் பெரிதாக்கி அடித்தான். பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்தான். அதே சிவப்பு. சாயங்காலத்துக்குள் வெற்றியின் கணக்கை அழித்துவிடச் சொல்லி மெயில் வந்திருந்தது. அதற்கப்புறம் அடித்துப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

திரை அவன் பக்கம் இருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. சாமியை வேண்டுகிறாள் என்று நினைத்தான்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து திலீப் யாருக்கும் நல்லது செய்ததில்லை. பூட்டுவான், தடுப்பான், திட்டு வாங்குவான். ஒரு பொய்யில் என்ன கெட்டுவிடப் போகிறது? ஹேஷ் எழுந்து வந்து சாட்சி சொல்லாது.

"தொறந்துடுச்சுக்கா" என்றான். "தெரு பேசறத வுடு. கடைசி வரைக்கும் உம் பேரத்தான் வெச்சிருந்தாரு."

இன்னொரு முறை போடச் சொல்லிவிடுவாளோ என்று, கையோடு வெற்றியின் கணக்கை அழித்தான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பேரு மங்கை."