மூன்றாவது ஃபேடரில் ஒரு பொட்டு

"இந்தப் பொட்டு யாருதுங்க?"

"தேவி, பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, அப்புறமா..."

"ஊர்ல இருக்கறவங்க பாட்டுக்கெல்லாம் இப்போ, எனக்கு மட்டும் அப்புறமா? யாருது, சொல்லுங்க!"

"கத்தாத, உள்ள மைக் இருக்கு..."

"இருக்கட்டும்! பதிவாகட்டும்! நாலு பேர் கேக்கட்டும்!"

அருணாதேவி தோளில் தொங்கிய துணிப்பையைக் கீழே வைக்கவே இல்லை. கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் தங்குவதற்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிற புருஷனிடம் ஒரே ஒரு பதில் கேட்டுவிட்டு, பஸ் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாமென்று வந்திருந்தாள்.

ஆதவன் முன்னால் அந்தப் புதுப் பெட்டி இருந்தது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து மவுசால் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்ச நாளாக இந்தப் பெட்டியில்தான் செய்கிறான். மேலும் கீழும் தள்ளுகிற எட்டு ஃபேடர்கள். ஒன்றைத் தள்ளினால் குரல் ஏறும், இன்னொன்றை இழுத்தால் தவில் அடங்கும். ஒருமுறை தள்ளியதை நினைவில் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும்போது அவை தாமாகவே ஏறி இறங்கும். அவன் விரல்களும் அவற்றின்மேல் கிடந்தபடி கூடவே ஏறி இறங்கும்.

மூன்றாவது ஃபேடரின் தலையில்தான் அந்தப் பொட்டு. சிவப்புக் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு. அருணாதேவி கல்யாணமான நாளிலிருந்து வைப்பது குங்குமம்.

"அது அடையாளத்துக்கு, தேவி. அதுதான் குரல்."

"அடியிலயே உங்க கையெழுத்துல 'குரல்'னு எழுதி ஒட்டியிருக்கே. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

ஆதவன் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கிரிவலப் பாட்டுப் பாட வருகிற கீர்த்தனா, ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றாள். நெற்றியில் அதே சிவப்புக் கல்.

"அவ பொட்டுதானே?"

"அவதான் ஒட்டுனா. அதுல இன்னா இருக்கு?"

"அவ ஒட்டுவா, நீங்க நாள் பூரா தடவிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எனக்குத் தலைவலின்னு படுத்தா, ஒரு நாளாவது தைலம் தடவியிருக்குமா அந்தக் கை?"

"அசிங்கமா பேசாத."

"பேசுனா அசிங்கம், செஞ்சா அசிங்கமில்லையா? பௌர்ணமியன்னிக்குத் தேரடி வீதியில அவ கையப் புடிச்சிக்கிட்டுப் போனீங்களாமே. எங்க சரோஜா சித்தி கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாங்க."

"கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு."

"கூட்டத்துல தொலைஞ்சு போறதுக்கு நீங்க இன்னா கைக்கொழந்தையா? வண்டிய ஏன் வித்தீங்கன்னு கேட்டா, இடுப்பு வலின்னீங்க. இப்ப அவ ஸ்கூட்டி பின்னாடி உக்காந்தா மட்டும் இடுப்பு வலிக்கலியா?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கீர்த்தனா வெளியே வந்தாள்.

"அண்ணி, நான் சொல்லிடறேன். அண்ணனுக்கு..."

"கீர்த்தனா!" ஆதவன் அதட்டினான். "நீ பேசாத. எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க."

"அட, சத்தியம் வேறயா!" அருணாதேவிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அண்ணனாம், அண்ணியாம்! மொறையெல்லாம் வாய்க்கு வாய் நல்லாத்தான் இருக்கு. தாலி கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாத சத்தியம் உனக்கெதுக்குடி?"

கீர்த்தனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தக் கண்ணீரையும் அருணாதேவி நம்பவில்லை.

"கடைசியா கேக்கறேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவளுக்கும் உங்களுக்கும் இன்னா?"

ஆதவன் முகத்தைத் தூக்கினான். ஆனால் பார்வை அவள் தோளுக்கு மேலே சுவரில் போய் நின்றது. மடியில் கனம் இருக்கிறவன் எப்படி நேராகப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல தேவி. நம்பு."

"நம்புனது போதும். நான் கீழ்பென்னாத்தூர் போறேன். இனிமே எவ சோறாக்கிப் போடறாளோ, அவ கையாலயே சாப்புடுங்க!"

அவள் திரும்புவதற்குள், கீர்த்தனா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சத்தத்தை விழுங்குவதற்கென்றே சுவரெல்லாம் பஞ்சும் தரையெல்லாம் கம்பளமும் போட்ட இடம். மூச்சுவிடுவதுகூட வெளியே வராது.

அருணாதேவியும் போயிருப்பாள். ஆனால் அந்தப் பொட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பிய்த்து அவன் கண்ணெதிரே எறிந்துவிட்டுப் போகலாமென்று, வெறுங்காலோடு கம்பளத்தில் நாலடி வைத்துப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். டியூப்லைட் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் பளீரென்று விழுந்தது.

அவள் நகம் பொட்டின்மேல் படுவதற்கு முன், ஆதவனின் விரல் எட்டு ஃபேடர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, அந்தக் கல் தட்டுப்பட்டதும் நின்றது. அவன் தலை நிமிர்ந்து, நேராக அவளைப் பார்த்துக் கேட்டான்.

"கீர்த்தனா, உங்க அண்ணி போயிட்டாளாம்மா? மொகம் எப்படி இருந்துச்சு, அழுதாளா?"